மையும் வண்ணமும் அடுக்கடுக்காக: அரூபக் கலப்பூடக ஓவியத்தில் புதிதாக இறங்குவோருக்கு

மை, வண்ணம் எனப் பல பொருட்களை அடுக்கி வரைந்த என் முதல் கலப்பூடக ஓவியத்தை முடித்துச் சுவரில் சாய்த்து வைத்த ஒன்பதாம் நாள், வெள்ளை அக்ரிலிக் வண்ணம் பூசி மறைத்திருந்த ஒரு மூலையில் இளஞ்சிவப்பு நிறம் மெல்லத் தலைகாட்டியது. இன்னொரு பூச்சு வெள்ளை கொடுத்தேன். இரண்டு நாட்களில் அதையும் ஊடுருவி மேலே வந்துவிட்டது. மூன்றாம் பூச்சுக்குப் பிறகுதான் குறை வெள்ளையில் இல்லை, அடியில் நான் ஊற்றியிருந்த மையில் இருக்கிறது என்பது புரிந்தது. அதற்கு அடுத்த ஓவியத்தில், வழவழப்பான அக்ரிலிக்கின் மேல் இழுத்த கறுப்பு மைக்கோடுகள் காய்ந்த பின் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. இரண்டு தோல்விகளுக்கும் காரணம் ஒன்றுதான்: எதன் மேல் எது நிற்கும் என்று தெரியாமல் அடுக்கினேன்.

உருவங்களைக் காட்டாத அரூப ஓவியத்தில் விதி இல்லை என்று சொல்லப்படுவது வடிவத்துக்கும் நிறத்துக்கும் பொருந்தலாம், பொருளுக்குப் பொருந்தாது. கீழே உள்ள படிகள் மை, அக்ரிலிக், நீர்வண்ணம் ஆகிய நீர் சார்ந்த பொருட்களை வைத்து எழுதப்பட்டவை. எண்ணெய் வண்ணம் சேர்க்க விரும்புவோர் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: காய்ந்த அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம், எண்ணெயின் மேல் அக்ரிலிக் பூசக் கூடாது, பூசினால் பிடிப்பில்லாமல் ஒருநாள் உரிந்துவிடும்.

1. வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள்

இந்தக் கலையில் ஆவணம் என்று ஒன்று உண்டென்றால் அது குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள்தான். அதில் மூன்று செய்திகளைத் தேடுங்கள்.

முதலாவது, நிறம் தருவது சாயமா, நிறமியா என்பது. சாயம் திரவத்தில் முழுமையாகக் கரைந்திருக்கும். அதனால் பளிச்சென்று இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் மீண்டும் நகரும், வெளிச்சத்தில் வெளிறும். நிறமி கரையாத நுண்துகள். அதைத் தளத்தோடு பிணைக்கும் பசை காய்ந்ததும் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நிறமியால் ஆன வண்ணங்களின் லேபிளில் பெரும்பாலும் ஒரு குறியீடு இருக்கும்: பிபி 29 என்றால் அல்ட்ராமரீன் நீலம், பிபி 15 என்றால் தேலோ நீலம், பிஆர் 122 என்றால் குவினாக்ரிடோன் மெஜந்தா, பிடபிள்யூ 6 என்றால் டைட்டானியம் வெள்ளை. நிறுவனத்துக்கு நிறுவனம் வண்ணத்தின் பெயர் மாறும், குறியீடு மாறாது. குறியீடே இல்லாமல் கவர்ச்சியான பெயர் மட்டும் இருக்கும் மையைச் சாயம் என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இரண்டாவது, ஒளித் தாங்குதிறன். ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பின் அளவீட்டில் முதல் இரண்டு தரங்களில் உள்ளவற்றை மட்டும் வாங்குங்கள். பிஆர் 83 என்ற குறியீடு கொண்ட அலிஸரின் கிரிம்சன் பார்க்க மிக ஆழமான சிவப்பு. ஆனால் மெல்லிய பூச்சில் அது வெளிறிப் போகும் என்பது நன்கு அறியப்பட்ட செய்தி.

மூன்றாவது, பசை எது என்பது. மைகளை இந்த நோக்கில் நான்காகப் பிரிக்கலாம். ஊற்றுப்பேனா மைகளில் பெரும்பாலானவை நீரில் கரையும் சாய மைகள். என் இளஞ்சிவப்பு இந்த வகைதான். இந்திய மை என்று விற்கப்படுவது கரித்துகள் கலந்த கறுப்பு மை. பலவற்றில் ஷெல்லாக் எனப்படும் அரக்குப் பிசின் சேர்ந்திருப்பதால் காய்ந்த பின் நீரைத் தாங்கும், ஆனால் தடிமனாக நின்றால் நொறுங்கும். அக்ரிலிக் மையில் நிறமியும் அக்ரிலிக் பசையும் இருப்பதால், காய்ந்த பிறகு மெல்லிய அக்ரிலிக் வண்ணம் போலவே நடந்துகொள்ளும். ஆல்கஹால் மை பெரும்பாலும் சாயம்; நீர் உறிஞ்சாத வழுவழுப்பான செயற்கைத் தாளுக்காக உருவானது. புதியவர் அக்ரிலிக் மையிலும் நீர் தாங்கும் இந்திய மையிலும் தொடங்குவதே நல்லது. மற்ற இரண்டையும் தனி ஓவியங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். அடுக்குகளுக்குள் கலக்க வேண்டாம்.

2. பணத்தை எங்கே செலவிடுவது

பெரும்பாலோர் செய்யும் பிழை, இருபது நிறங்கள் அடங்கிய பெட்டியை வாங்கிவிட்டு, மிஞ்சிய சில்லறையில் தாள் வாங்குவது. இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். அடுக்கடுக்கான ஈரத்தையும் சுரண்டலையும் தாங்கப் போவது தாள்தான். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தி நீர்வண்ணத் தாளுக்குக் கீழே இறங்காதீர்கள். மரக்கூழில் ஆன மெல்லிய தாள் இரண்டாம் அடுக்கிலேயே திரண்டு, தூரிகையோடு பஞ்சாக வந்துவிடும். முழுத் தாளை வாங்கி நான்காக வெட்டிக்கொள்வது, சிறிய அட்டைக் கட்டுகளாக வாங்குவதைவிடப் பொதுவாகச் சிக்கனமானது.

நிறங்களில் ஒரு நீலம், ஒரு மெஜந்தா, ஒரு மஞ்சள், ஒரு மண் நிறம், கறுப்பு மை, டைட்டானியம் வெள்ளை ஆகிய ஆறும் முதல் ஆண்டுக்குத் தாராளம். வெள்ளையைப் பெரிய அளவில் வாங்குங்கள். அதுதான் முதலில் தீரும். விலை குறைந்த மாணவர் தர வண்ணங்களில் நிறமி குறைவு, நிரப்பி அதிகம் என்பதால் மறைக்கும் திறன் குறையும். இரண்டு பூச்சில் முடிய வேண்டியது நான்கு பூச்சில் முடியும், சேமித்த பணம் அங்கே கரைந்துவிடும். ஆறு நிறங்களையும் கலைஞர் தரத்தில் வாங்க இயலாதவர்கள் வெள்ளையையும் மெஜந்தாவையுமாவது அந்தத் தரத்தில் வாங்குவது பயனுள்ளது.

அடுத்த முக்கியச் செலவு ஒரு குப்பி மேட் மீடியம். பளபளப்பில்லாமல் காயும் இந்த அக்ரிலிக் பசை காய்ந்த அடுக்கு கலங்காதபடி பூட்டவும், தாள் துண்டுகளை ஒட்டவும், வண்ணத்தை ஒளி ஊடுருவும்படி நீட்டவும் உதவும். கருவிகளில் கை இறுக்கமாகவே இருக்கலாம். ஒரு அகலத் தட்டைத் தூரிகை, ஒரு நடுத்தர உருண்டைத் தூரிகை, நீர் தெளிக்கும் குப்பி ஆகியவற்றுக்கு மேல் காசு கொடுக்க வேண்டியதில்லை. பழைய பிளாஸ்டிக் அட்டை, பஞ்சுத் துண்டு, பல் உடைந்த சீப்பு, பழைய பல்துலக்கி ஆகியவை தரும் தடங்களை எந்த விலையுயர்ந்த கருவியும் தந்து நான் பார்த்ததில்லை.

3. தளத்தைத் தயார் செய்யுங்கள்

300 கிராம் தாளும் நிறைய நீர் பட்டால் அலை அலையாக நெளியும். நெளிந்த தாளில் மை பள்ளங்களில் தேங்கும். தாளை நீரில் முழுதாக நனைத்து, பலகையில் விரித்து, நான்கு விளிம்பிலும் நீர் தொட்டு ஒட்டும் காகித நாடாவை ஒட்டி, படுக்கை வாக்கில் ஓரிரவு காயவிடுங்கள். காயும்போது தாள் சுருங்கி மத்தளத் தோல் போல இறுகிவிடும். 640 கிராம் தாளுக்கு இந்த வேலை தேவையில்லை, ஆனால் விலை ஏறக்குறைய இரட்டிப்பு.

மரப்பலகையிலோ கேன்வாஸிலோ செய்ய விரும்பினால், வண்ணம் பிடிப்பதற்காக அடியில் பூசும் வெள்ளைப் பூச்சான ஜெஸ்ஸோவை இரண்டு மூன்று முறை கொடுங்கள். மரத்திலிருந்து பழுப்புக் கறை மேலே ஏறி வரும் வழக்கம் உண்டு. ஜெஸ்ஸோவுக்கு முன் பளபளப்பான அக்ரிலிக் மீடியத்தை இரண்டு பூச்சு கொடுத்து, நன்றாகக் காயவிட்டால் அதைப் பெருமளவு தடுக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஜெஸ்ஸோ பூசிய தளத்தில் மை, தாளில் பரவுவது போல உள்ளிறங்கிப் பரவாது, மேலேயே தேங்கிக் கூரான விளிம்புகளோடு காயும். மென்மையான பரவல் வேண்டுமென்றால் வெறும் தாள்தான் சரி. தாளில் சில பகுதிகளுக்கு மட்டும் ஜெஸ்ஸோ பூசி மற்ற இடங்களை வெறுமனே விட்டால், ஒரே மை இரண்டு விதமாகப் பேசும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.

4. சோதனைத் தாள் போடாமல் தொடங்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். நீங்கள் பயன்படுத்தப் போகும் அதே தாளின் ஒரு துண்டில், உங்களிடம் உள்ள ஒவ்வொரு மையையும் வண்ணத்தையும் விரல் அகலத்துக்குக் கிடைக்கோடுகளாகப் பூசுங்கள். ஒரு முழு நாள் காயவிடுங்கள். பிறகு அவற்றின் குறுக்கே, செங்குத்தாக நான்கு பட்டைகள் பூசுங்கள்: வெறும் நீர், மேட் மீடியம், நீர்க்கக் கரைத்த வெள்ளை, கெட்டியான வெள்ளை. ஒவ்வொரு பட்டையையும் தூரிகையால் ஐந்தாறு முறை முன்னும் பின்னும் தேயுங்கள். உண்மையான ஓவியத்தில் நீங்கள் மென்மையாகத் தொடப் போவதில்லை.

நீர்ப்பட்டையில் நிறம் கலங்கினால் அந்த மை ஈரத்தைத் தாங்காது. கலங்காமல் இருந்து, கெட்டியான வெள்ளையின் மேல் சில நாட்கள் கழித்து நிறம் ஏறி வந்தால் அது இன்னும் ஆபத்தான வகை. முதல் நாளில் அது தன்னைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே சோதனைத் தாளை ஒரு வாரம் கண்ணில் படும் இடத்தில் வைத்திருங்கள். அதே தாளை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வெயில் படும் சன்னலிலும் மறு பாதியை மூடிய புத்தகத்துக்குள்ளும் இரண்டு மாதம் வைத்து ஒப்பிட்டால், எது வெளிறும் என்பதற்கு லேபிளைவிட நேரடியான சான்று கிடைக்கும். மார்க்கர் பேனாக்களுக்கும் இதே சோதனை அவசியம். நிரந்தரமானது என்று எழுதியிருக்கும் மார்க்கர்கள் பல நீரைத் தாங்குகின்றன; ஆனால் அக்ரிலிக் பூச்சை ஊடுருவி வருகின்றன.

ஒவ்வொரு கோட்டின் அருகிலும் பெயர், குறியீடு, தேதி ஆகியவற்றைப் பென்சிலில் எழுதுங்கள். பேனாவில் எழுதினால் அந்த எழுத்தே கரைந்து ஓடும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

5. முதல் அடுக்கு: மை தானே ஓடட்டும்

தாளின் ஒரு பகுதியை மட்டும் நீரால் நனைத்து, மின்னும் ஈரம் மங்கத் தொடங்கும் தருணத்துக்குக் காத்திருங்கள். நீர் குளமாக நிற்கும்போது மையை விட்டால் அது நீர்த்து நிறமற்றுப் போகும். முழுதும் உலர்ந்தபின் விட்டால் விட்ட இடத்திலேயே திட்டாக நிற்கும். இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று நிமிடங்களில்தான் மை வேர் விடுவது போலக் கிளைத்துப் பரவும். பலகையைச் சாய்த்து அதை வழிநடத்தலாம், ஆனால் தூரிகையால் கலக்காதீர்கள். இரண்டு நிறங்களுக்கு மேல் இந்த அடுக்கில் வேண்டாம்.

ஈரமான மையில் ஆல்கஹாலை ஒரு துளி சொட்டினால், அது மையை விலக்கி வட்டமான வெளிர்ப்புள்ளி உண்டாக்கும். உப்புக் கற்கள் ஈரத்தை இழுத்து நட்சத்திரத் தடங்களைத் தரும். நன்றாகக் காய்ந்த பிறகு உப்பை முழுவதும் துடைத்தெடுங்கள், தங்கிய உப்பு காற்றின் ஈரத்தைத் தொடர்ந்து உறிஞ்சும். இந்த வேடிக்கைகளை ஓவியம் முழுவதும் செய்தால் அது ஓவியமாக இராது, உத்திகளின் பட்டியலாக இருக்கும். ஒரு மூலையில் ஒன்று போதும்.

மெழுகால் தாளைத் தேய்த்து மையை விலக்கும் உத்தியை நீர்வண்ணக்காரர்கள் விரும்புவார்கள். மேலே அக்ரிலிக் வரப்போகிறது என்றால் அதைத் தவிருங்கள், மெழுகின் மேல் அக்ரிலிக் பிடிக்காது. மையை வெளுக்க பிளீச்சிங் திரவம் பயன்படுத்தும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அது தாளின் நாரைச் சிதைக்கும். அதைவிட, வண்ணம் படாமல் தாளை மறைக்கப் பூசும் மாஸ்கிங் திரவம் போன்றவற்றில் உள்ள அம்மோனியாவுடன் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும். வேண்டவே வேண்டாம்.

காயவைக்க அவசரப்பட்டு சூடான காற்றைப் பாய்ச்சினால், இன்னும் பரவிக்கொண்டிருக்கும் மை அப்படியே உறைந்துவிடும். தொட்டுப் பார்த்தால் அரை மணியில் உலர்ந்தது போல இருந்தாலும், மேலே ஈரம் போடுவதற்கு முன் ஓரிரவு விடுங்கள்.

6. அடுக்கைப் பூட்டுங்கள்

நீர் தாங்கும் மைகளை மட்டுமே பயன்படுத்தியிருந்தால் இந்தப் படியைத் தாண்டலாம் என்று தோன்றும். தாண்டாதீர்கள். மேட் மீடியத்தில் மூன்றில் ஒரு பங்கு நீர் சேர்த்து, அகலத் தூரிகையால் ஒரே திசையில் மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். இது கீழடுக்கைக் காப்பதோடு, மேலே வரும் வண்ணத்தைத் துடைத்து எடுத்துத் திருத்தவும் வழி செய்யும். கரி, பேஸ்டல் போன்ற பொடி நிற்கும் பொருட்கள் இருந்தால், தூரிகை படும் முன் திறந்த வெளியில், பொடியைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸேடிவ் என்ற தெளிப்புத் திரவத்தைத் தெளித்து நிலைநிறுத்துங்கள். நேரடியாகத் தூரிகை வைத்தால் கரி முழுவதும் சாம்பல் குழம்பாகிவிடும்.

ஊடுருவும் சாயத்தை மீடியம் பூட்டாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் நான் மூன்று குப்பி மீடியத்தை அதில் வீணடித்திருக்கிறேன்.

7. வண்ணத்தை ஏற்றுங்கள், ஆனால் எல்லாவற்றையும் மூடிவிடாதீர்கள்

இங்கேதான் ஓவியம் உருவாகிறது. இங்கேதான் பெரும்பாலும் பாழாகிறது. புதியவரின் கலப்பூடக ஓவியம் சேறு போலத் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எதிர் நிறங்களை ஒளி ஊடுருவும் பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுவது. செம்மஞ்சள் மையின் மேல் மெல்லிய நீலம் பூசினால் கிடைப்பது பழுப்புதான். மற்றொன்று, எல்லா அடுக்குகளும் ஒரே அடர்த்தியில் இருப்பது. கீழடுக்கு வெளிராக இருந்தால் மேலே சில இடங்களில் அடர்த்தியை வையுங்கள். கீழே கறுப்பு ஓடியிருந்தால் மேலே வெளிரான, மறைக்கும் வண்ணத்தைத் தட்டையான பெரிய பரப்பாக வையுங்கள். கைபேசியில் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் இந்தக் குறை ஒரு நொடியில் தெரியும்.

ஒளி ஊடுருவும் பூச்சுக்கு வண்ணத்தை வெறும் நீரால் மிகவும் நீர்க்காமல் மீடியத்தால் நீட்டுங்கள். உறிஞ்சாத தளத்தின் மேல் அளவுக்கு மீறிய நீர் சேர்ந்தால் பசை போதாமல் வண்ணம் பிடிப்பின்றி நிற்கும். அக்ரிலிக் ஈரத்தில் சற்று வெளிராகவும், பாலாடை போன்ற பசை தெளிந்து காய்ந்த பின் சற்று அடர்த்தியாகவும் தெரியும். நிறம் சேர்ப்பதை அந்த வேறுபாட்டுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளுங்கள். வெள்ளையை மெல்லிய திரையாகக் கறுப்பின் மேல் இழுத்தால் அது நீலச் சாயல் காட்டும். அது பிழையன்று, மூடுபனி போன்ற ஆழத்துக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வேண்டாமென்றால் வெள்ளையில் துளி மண் நிறம் சேருங்கள்.

முதல் மை அடுக்கில் உங்களுக்குப் பிடித்த ஓர் இடம் இருக்கும். அதை அப்படியே விட்டுவைக்க எல்லோரும் விரும்புவோம்; அதைச் சுற்றிச் சுற்றி வந்து ஓவியத்தின் மற்ற பகுதிகள் ஒடுங்கிப் போகும். என் அனுபவத்தில் அந்த இடத்தின் பாதியை மூடுவதே பெரும்பாலும் சரியான முடிவாக இருந்திருக்கிறது. மீதிப் பாதி, விளிம்பிலிருந்து எட்டிப் பார்க்கும்போது, முன்பைவிட வலுவாகத் தெரியும்.

8. மீண்டும் மை: மேல் கோடுகள்

அக்ரிலிக்கின் மேல் மைக்கோடு நிற்க வேண்டுமென்றால் தளத்தில் சொரசொரப்பு வேண்டும். வழுவழுப்பான பரப்பில் மை முத்து முத்தாகத் திரளும், அல்லது காய்ந்து உதிரும். கோடு வரும் பகுதியில் மேட் மீடியம் ஒரு பூச்சு கொடுத்துக் காயவிட்டால் போதும். இந்த நிலையில் அரக்கு கலந்த இந்திய மையைத் தவிர்த்து அக்ரிலிக் மையைப் பயன்படுத்துங்கள். அடியில் இருக்கும் வளையும் படலத்தின் மேல் நொறுங்கும் படலம் ஏறினால் விரிசல் விடும். அக்ரிலிக் மை பேனா முனையில் காய்ந்தால் பிறகு நீரில் கரையாது என்பதால், ஒவ்வொரு இடைவெளியிலும் முனையைக் கழுவுங்கள்.

9. சுரண்டியும் தேய்த்தும் குறையுங்கள்

சில ஓவியங்கள் சேர்ப்பதால் அல்ல, எடுப்பதால் முடிகின்றன. காய்ந்த அக்ரிலிக்கை ஆல்கஹால் நனைத்த துணியால் தேய்த்தால் அது இளகி, அடியில் உள்ள அடுக்கைக் காட்டும். உப்புத்தாளைப் பயன்படுத்தினால் நீர் தொட்டே தேயுங்கள். உலர்ந்த நிலையில் தேய்த்தால் நிறமித் தூள் மூச்சில் போகும், காட்மியம், கோபால்ட் போன்ற உலோக நிறமிகளில் அது உண்மையான ஆபத்து. தாளில் உப்புத்தாள் மிக மென்மையாகவே படட்டும். பலகையில் தைரியமாகத் தேய்க்கலாம்.

10. நேரக் கணக்கு

ஒரே அமர்வில் முடிப்பேன் என்று உட்காராதீர்கள். நடுத்தர அளவு ஓவியம் ஒன்றுக்கு என் கணக்கு இது: தாளை நனைத்து இறுக்க ஓரிரவு, மை அடுக்குக்கு ஒரு மணி நேரம், காய ஓரிரவு, பூட்டும் பூச்சுக்குப் பத்து நிமிடம், காய இரண்டு மணி நேரம், வண்ண அடுக்குகளுக்கு மூன்று நான்கு நாட்கள், ஒவ்வொன்றிலும் கை வேலை ஒரு மணிக்கு மேல் இல்லை, கோடுகளுக்கு ஒரு மாலை. ஆகக் கை வேலை ஆறேழு மணி, காத்திருப்பு ஒரு வாரம். கத்தியால் தடிமனாக ஏற்றிய வண்ணம் உள்ளே காயப் பல நாட்கள் ஆகும். மழைக்கால ஈரக்காற்றில் இவை எல்லாம் நீளும். சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக் சரியான படலமாகவே சேராது. காத்திருப்பு நீளுவதால் இரண்டு மூன்று ஓவியங்களை ஒரே நேரத்தில் நடத்துவது வசதி. ஒன்றின் மேல் பொறுமை இழந்து கைவைப்பதையும் அது தடுக்கும்.

11. முடிப்பும் பாதுகாப்பும்

கடைசி அடுக்குக்குப் பிறகு மெல்லிய ஓவியத்துக்கு ஒரு வாரம், தடிமனானதற்கு இரண்டு வாரம் அல்லது கூடுதலாக விட்டு வார்னிஷ் அடியுங்கள். வார்னிஷை என்றாவது நீக்க நேரலாம் என்பதால், அதற்கு முன் பளபளப்பான அக்ரிலிக் மீடியத்தால் ஒரு தடுப்புப் பூச்சு கொடுப்பது முறை. பளபளப்பற்ற வார்னிஷைப் பல பூச்சு கொடுத்தால் கறுப்புகள் வெளிறிப் புகை படிந்தது போலாகும். முதல் பூச்சுகளைப் பளபளப்பிலும் கடைசி ஒன்றை மட்டும் மேட்டிலும் கொடுங்கள். தாளில் செய்ததைக் கண்ணாடிச் சட்டத்தில் போடுவதாக இருந்தால் வார்னிஷ் தேவையில்லை, ஆனால் கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடைவெளி வையுங்கள்.

அக்ரிலிக் படலம் காய்ந்த பிறகும் இளகிய தன்மை கொண்டது. இரண்டு ஓவியங்களை முகத்தோடு முகமாக அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும். குமிழ் பிளாஸ்டிக்கில் நேரடியாகச் சுற்றினால் குமிழ்களின் தடம் பதியும். இடையே சிலிக்கான் பூசிய தாளை வையுங்கள்.

தூரிகை கழுவிய நீரைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு வாளியில் தெளியவிட்டு, அடியில் படியும் வண்டலைக் காயவைத்துக் குப்பையோடு அகற்றுங்கள்.

கடைசியாக, ஓவியத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் தேதி, தாளின் வகை, அடியிலிருந்து மேல்வரை பயன்படுத்திய மை, வண்ணம், மீடியம், வார்னிஷ் ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். ஓராண்டு கழித்து அதே நீலம் மீண்டும் வேண்டும் என்று தேடும்போதும், ஓவியம் வேறொருவர் கைக்குப் போய்ப் பழுது பார்க்க நேரும்போதும், அந்த ஐந்தாறு வரிகளைத் தவிர வேறு எதுவும் உதவாது.